கேழ்வரகு தின்ற கார்

வைகாசி 2, திங்கள்

விடியலில் மஞ்சு மூடியிருந்தது. பிறகு நல்ல வெயில். வீடு முழுக்கப் பலாப்பழ வாசனை, ஈ.

காரில் ஏற்றியது: என் அரக்குப் பட்டு, முத்துவுக்கு வேட்டி துண்டு, மிளகு ஒரு பை, மலைவாழைத் தார், பலா, தேன், மஞ்சள் தூள், இவருடைய சவரப் பெட்டி. இறக்கியது: எல்லாம். இப்போது மறுபடியும் கூடத்தில் கிடக்கின்றன. கார் மட்டும் வெளியே நிற்கிறது, வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

ஆத்திரம் தீர முதலிலிருந்து எழுதுகிறேன்.

முத்து என் ஒரே தம்பி. ஞாயிறு விடியலில் அவனுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின நாள், சனி மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில் இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கல்யாணப் பெண் போல உடுத்திக்கொண்டு அவன் பக்கத்தில் மணையில் உட்கார வேண்டும். கூறைச் சேலையின் ஒரு நுனி அவன் பக்கம், மறு நுனி அவள் பக்கம். உடன்பிறந்தவள் வந்து சேராவிட்டால் சித்தப்பன் மகள் யாராவது உட்காருவாள். யார் உட்கார்ந்தாளோ அவள்தான் பிறகு ஆயுசுக்கும் அந்த வீட்டுச் சீருக்கெல்லாம் முதல் ஆள். அம்மா போன பிறகு முத்துவுக்குத் தலை வாரிவிட்டதும் சோறு பிசைந்து போட்டதும் நான். அவன் கல்யாணத்தில் எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம், அந்த மணை வேண்டும்.

அதனால்தான் திங்களே கிளம்பச் சொன்னேன். கிளம்பினோம். வீட்டைத் தாண்டியதும் வருகிற முதல் ஏற்றத்திலேயே காரின் மூக்கிலிருந்து ஆவி. கன்னிமார் கல் வளைவில் நின்றுவிட்டது. ரேடியேட்டர் ஒழுகி ரோட்டில் கோடு போட்டிருந்தது.

ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடுவார்கள் என்று சேலத்தில் யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, மஞ்சத் தூளு பையிலயே இருக்குதுங்க. எடுத்துப் போடுங்க" என்றேன்.

"சீருக்கு வெச்ச மஞ்சள எஞ்சின்ல கொட்டுவாங்களா? மாவுன்னா இன்னும் நல்லா ஒட்டும்" என்றார்.

வளைவுக்குக் கீழேதான் பொன்னியின் குடிசை. நம் வீட்டு வேலைக்கு வருகிற மலைக்காரப் பெண். அவளிடம் கேழ்வரகு மாவு வாங்கிவர ஆள் போனான். விருந்தாளிக்குக் கூழ் காய்ச்சத்தான் என்று நினைத்து அவள் ஒரு முறம் மாவும், பானையும், நாலு சுள்ளியும் தூக்கிக்கொண்டு வந்தாள். "அடுப்பு எங்கீங்க சாமி மூட்டறது?" என்று கேட்டாள். இவர் மாவை வாங்கி ரேடியேட்டரின் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். பொன்னியும் ரோட்டில் கூடிவிட்ட மலை ஜனமும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஒழுகல் நின்றது. அதைச் சொல்லியாக வேண்டும். கார் அந்த வளைவுக்குள்ளேயே கொஞ்சம் நகரவும் செய்தது. பிறகு களி வேகிற வாசனை. நல்ல வாசனைதான், பசித்தது எனக்கு. இவர் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். உள்ளே வெந்திருந்த களி ஒரு உருண்டையாக எழும்பி இவருடைய வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது.

சிரித்துவிட்டேன். பொன்னியும் சிரித்தாள், ஆனால் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அதோடு எஞ்சினும் நின்றது. ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வரவில்லை.

"நாளைக்கு ஸ்டார்ட் ஆயிரும்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

வைகாசி 3, செவ்வாய்

மழை வரும்போல இருந்து வரவில்லை. புழுக்கம்.

காலையிலிருந்து ரேடியேட்டரிலிருந்து களி எடுக்கிற வேலை. மூங்கில் குச்சி, வெந்நீர், புளித்தண்ணீர். குழாயெல்லாம் அடைத்து இறுகிக் கிடக்கிறதாம். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. நாய்க்குப் போட்டோம், அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மத்தியானம் பிளக்குகளைக் கழற்றி என் அடுப்படிக்குக் கொண்டு வந்தார். ஈரமாம். தோசைக்கல்லில் வறுத்துக் கொடுக்க வேண்டுமாம். வறுத்தேன். இன்று தோசையெல்லாம் பெட்ரோல்.

வறுத்த பிளக்கை மாட்டிச் சுற்றினார். ஒரு தடவை இருமியது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்ததுபோல. அவ்வளவுதான், அப்புறம் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டேன். மஞ்சளுக்கு இப்போதுதான் வேலை வந்தது என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. நேற்றுச் சிரித்ததே போதும்.

எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவித் துடைக்க என்னிடம் கொடுத்தார். எண்ணெய் கறுப்பாக இல்லை, பால் ஊற்றின காப்பி நிறம். "இப்படியா இருக்குமுங்க?" என்றேன். "உனக்கு என்ன தெரியும், தொடைச்சுக் குடு" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். இந்தக் கார் இங்கே எப்படி வந்தது என்பது தெரியும். "மலைக்குக் காரோட்டி வந்த மொத ஆளு நாந்தான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாரே, அன்று நானும் கூடத்தான் வந்தேன். யுத்தத்துக்கு மரம் இறக்க லாரிக்கென்று வெட்டிய ரோடு. அதில் பாதி வழி மாடுகள் இழுத்தன, மீதி வழி மலை நாட்டு ஜனமே வடம் கட்டித் தேர்போல இழுத்தது. ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இவர் உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது இன்னும் எரிகிறது.

வைகாசி 4, புதன்

வெயில். தலைவலி. மோர் புளித்துவிட்டது.

இஸ்மாயில் ராவுத்தர் லாரியில் மேலே வந்தார். அடிவாரத்தில் மிளகு மண்டி வைத்திருப்பவர், மரம் இறக்கும் லாரியும் அவருடையதுதான். வளைவில் காரைப் பார்த்ததும் இறங்கி, கம்பியை உருவிப் பார்த்தார், உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"ஹெட்டு போயிருச்சுங்க. உள்ள தண்ணி எறங்கிருச்சு. இனி எத்தன சுத்துனாலும் எந்திரிக்காதுங்க. சேலத்துக்குக் கொண்டு போயிப் பிரிச்சாத்தான் உண்டு."

"மேக்னெட்டோ கோளாறு, வேற ஒண்ணுமில்ல" என்றார் இவர்.

"உங்க இஷ்டமுங்க" என்றார் ராவுத்தர். பிறகு என் பக்கம் பார்க்காமல், இவரிடமே: "அம்மாவுக்கு ஊட்டுல விசேசம் இருக்குதுன்னீங்களே. லாரி மரமேத்திட்டுச் சாயங்காலம் எறங்குதுங்க. முன்னால சீட்டுல உக்காரச் சொல்லுங்க, பதனமா எறக்கி உட்டறேன்."

நான் பையை எடுக்கவே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. இவர் சொன்னதன் கடைசி மட்டும் காதில் விழுந்தது: "காரு வெச்சிருக்கறவன் பொண்டாட்டி மரலாரில போயி எறங்குனா, ஊருல என்னைய என்னன்னு நெனைப்பாங்க?"

பிறகு இரண்டு பேரும் லாரிக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போய்க் கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். ராவுத்தர் தலையைத் தலையை ஆட்டினார். ஏதோ சாமான் வாங்கிவரச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

லாரி போனது. டீசலோ பெட்ரோலோ எந்தப் புகையானால் என்ன, அதன் நாற்றம் வளைவில் நெடுநேரம் நின்றது. ஓடுகிற வண்டியின் நாற்றம்.

வைகாசி 5, வியாழன்

சாரல். துணி காயவில்லை.

ஊர்ப் பெரியவர் நாலு பேரோடு வந்தார். கார் நிற்கும் இடம் கன்னிமார் கல்லுக்கு நேராம். திங்கட்கிழமை கல்லைத் தாண்டும்போது தேங்காய் உடைக்காமல் போனதால்தான் கோளாறாம். இவருக்குச் சாமி நம்பிக்கை எல்லாம் பெரிதாகக் கிடையாது. ஆனால் ஹெட்டு போய்விட்டது என்பதைவிட கன்னிமாருக்குக் கோபம் என்பது இவருக்குக் கௌரவமாக இருந்தது போலிருக்கிறது. சேவல் அறுத்தார்கள். பானெட்டில் ரத்தம் தெளித்தார்கள். கும்பிட்டு ஹேண்டில் போட்டார்கள்.

சேவல் குழம்பு நன்றாக இருந்தது.

சாப்பிட்டதும் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, நான் நடந்து எறங்கறனுங்க. பொன்னியக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க கார ரிப்பேர் பண்ணிட்டுப் பின்னால வாங்க."

"நடந்தா?"

"மலைக்காரப் பொம்பளைங்க வாரா வாரம் சொமை தூக்கிட்டு எறங்கறாங்க."

"நீ மலைக்காரியா? காரு இருக்கையில எதுக்கு நடக்கோணும்?"

"காருதான் ஓடலைங்களே."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். கொல்லைக் கதவண்டை நின்று, வேறு யாரிடமோ பேசுவதுபோல, "அன்னிக்கு அத்தன பேரு முன்னால சிரிச்சே பாரு" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. மேக்னெட்டோ இல்லை, ஹெட்டு இல்லை, கன்னிமார் இல்லை. என் சிரிப்புதான் கோளாறு. கார் ஓடி, அதில் என்னை ஏற்றி, என் ஊர்க்காரர் முன்னால் இறக்கிக் காட்டினால்தான் அந்தக் களி உருண்டை சட்டையிலிருந்து போகும். அதுவரைக்கும் நான் இங்கேதான்.

வெறுப்பாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல. எழுதி வைக்கிறேன்.

பி.கு. பட்டுச் சேலையை எடுத்து உதறி மடித்தேன். மறுபடி மடித்தேன்.

வைகாசி 6, வெள்ளி

வானம் வெளுத்திருந்தது. தலைக்குக் குளித்தேன்.

இன்று தள்ளுகிற நாள். மலை நாட்டு ஆட்கள் வந்தார்கள். காட்டு வேலையை விட்டுவிட்டு, ஒருத்தர்கூட முகம் சுளிக்காமல். இறக்கத்தில் தள்ளிவிட்டால் ஓடுகிற வேகத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்பது இவர் கணக்கு. ஓ வென்று சத்தம் போட்டுத் தள்ளினார்கள். கார் இறங்கியது, ஆட்டம் போட்டுக்கொண்டு இறங்கியது, ஒரு தடவை படபடவென்று பேசவும் செய்தது. இவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஜன்னல் வழியாக எனக்கு ஆட்டினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்குக் கையாட்டினது அது ஒன்றுதான். பாவமாக இருந்தது. நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

அடுத்த வளைவில் சத்தம் நின்றது. பள்ளத்தில் ஒரு சக்கரம். காயம் யாருக்கும் இல்லை.

மத்தியானச் சோறு அங்கேயே கொண்டு போனேன். காருக்குள் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை.

"நாளைக்கு இணைச்சீருங்க" என்றேன்.

"தெரியும்."

"காலைல பொன்னி சந்தைக்கு எறங்கறா. நானும் எறங்கறேன். சொல்லாமப் போகக் கூடாதுன்னு சொல்றேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "உப்பு பத்தல" என்றார்.

எடுத்துப் போவது: பட்டு. மற்ற சீரெல்லாம் காரில் வரட்டும், கார் வந்தால்.

வைகாசி 7, சனி. மத்தியானம். அடிவாரம், ராவுத்தர் மண்டி

பென்சிலில் எழுதுகிறேன்.

பொன்னியோடு இருள் பிரியும் முன்னே இறங்கினோம். அவள் தலையில் பலாச் சுமை, என் தலையில் பட்டு மூட்டை. அவள் வெறுங்காலோடு குதித்துக்கொண்டு போகிறாள். என் செருப்பு பாதியிலேயே அறுந்தது. "கல்லப் பாத்து வெக்காதீங்க சாமி, கல்லு நடுவுல வெய்ங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கால் கிழிந்தது. ஆனால் நேரத்தோடு இறங்கிவிட்டோம். இங்கே ஒரு வண்டி பிடித்தால் வெயில் சாயும் முன் ஊர்.

பொன்னி சந்தைக்குப் போய்விட்டாள். ராவுத்தர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவர் வீட்டம்மா கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, விளக்கெண்ணெய் தடவிவிட்டார்.

"ஏனுங்கம்மா, நடந்தா வாரீங்க?"

"ஒரு வண்டி புடிச்சுக் குடுங்க பாய். நேரமாகுது."

அவர் அசையவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்க தம்பி அனுப்புன சவாரி வண்டிதான் வந்துச்சுங்களே. புதன்கெழமையே. மெத்தையெல்லாம் போட்டு, இங்கதான் அவுத்துக் கட்டியிருந்தாங்க. அதச் சொல்லத்தான் நான் அன்னிக்கு மேலயே வந்தது."

எண்ணெய் தடவிய காலை இழுத்துத் தரையில் ஊன்றினேன்.

"உங்க ஊட்டுக்காரரு, காரு இருக்கையில வண்டி எதுக்கு, எல்லாருமாக் கார்லயே வந்தர்றோம்னு சொல்லித் திருப்பியனுப்பச் சொன்னாருங்க. நான் எறங்கி வந்து அனுப்பிச்சுட்டனுங்க. உங்களுக்கும் தெரியுமுன்னு நெனச்சேன்."

லாரிக்கு அந்தப் பக்கம் பேசியது இதுதான்.

இன்று சந்தை. ஒரு வண்டிகூடச் சும்மா இல்லை. லாரி சேலத்தில். ராவுத்தர் ஆளை நாலு பக்கமும் விரட்டியிருக்கிறார். அவர் வீட்டம்மா தன் செருப்பைக் கொடுத்திருக்கிறார். ஒரு அளவு பெரிது.

இருந்து பயனில்லை. நடக்கிறேன்.

வைகாசி 8, ஞாயிறு. எங்கள் ஊர்

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் நல்ல பெண். மழை இல்லை.

நேற்று நடந்தது.

ரோட்டு வழி சுற்று. சோளக்காட்டு வரப்பில் குறுக்கே வந்தால் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்த வழி. அப்படித்தான் வந்தேன். கிணற்றடியில் யாரும் இல்லை. காலெல்லாம் சேறும் ரத்தமும், அந்தக் காலோடு பந்தலுக்குள் போகக் கூடாதே என்று இறைத்துக் கழுவினேன். தொழுவத்துக்குப் பின்னால் நின்று பட்டைக் கட்டிக்கொண்டேன். கொசுவம் வைத்துக்கொண்டிருக்கும்போது மேளம் கேட்டது. சீர் தொடங்கப் போகிறார்கள் என்று நினைத்து அவசரமாக ஓடினேன்.

அது தொடக்க மேளம் இல்லை. முடிந்திருந்தது. மணையில் முத்து. பக்கத்தில் சித்தப்பா மகள் பாவாயி, சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு. அவள் மேல் தப்பில்லை. அழகாக இருந்தாள்.

முத்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். பட்டைப் பார்த்தான், காலைப் பார்த்தான். எழுந்திருக்கப் பார்த்தான், பெரியவர்கள் தோளைப் பிடித்து உட்கார்த்தினார்கள். எழக் கூடாது. ஆரத்தி எடுத்தபிறகுதான் எழ வேண்டும். முறை அப்படி.

பெற்ற அய்யன் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "காரு எங்க அம்மிணி? நிறுத்த எடமெல்லாம் கூட்டி வெச்சமே."

பிறகு ஓரமாக முத்து வந்தான். நேரம் தாண்டியும் அவன்தான் நிறுத்தி வைத்திருந்தானாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. பந்தலில் பாதி ஜனம் ரோட்டுக்கே போய் நின்றுகொண்டு ஹாரன் கேட்கிறதா என்று பார்த்ததாம்.

"கார்ல வாரீங்கன்னு எல்லாரும் ரோட்டயே பாத்துட்டு நின்னமக்கா. கொல்லப்பக்கம் பாக்கோணும்னு ஒருத்தருக்கும் தோணலியே" என்றான்.

நான் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. உருளைச் சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

இன்று மத்தியானம், பந்தி நடக்கும்போது, ரோட்டில் ஹாரன். நிஜமான ஹாரன். இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். இரண்டு சோடி மாடு பூட்டி, கார் வந்துகொண்டிருந்தது. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேறு வெள்ளைச் சட்டையில். மஞ்சள், மிளகு, வாழைத்தார், எல்லாம் பின்சீட்டில் பத்திரமாக.

"காரு கெட்டுப் போச்சுங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சேச்சே. யுத்த காலம், பெட்ரோலுக்குக் கூப்பன். கல்யாணத்துக்குன்னு வீணாக்கலாமான்னு மாடு பூட்டிட்டேன்."

என்ன யோசனை, என்ன யோசனை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அய்யன் முகம் மலர்ந்துவிட்டது. மாலை ஊர்வலம் அதிலேயே. மாடு இழுக்க, மேளம் முன்னால் போக. பின்சீட்டில் முத்துவும் பெண்ணும். சேலை நுனி பிடித்தவள் கூட உட்கார வேண்டும் என்று பாவாயி. முன்சீட்டில் இவர் பக்கத்தில் இடம் காலி.

"ஏறு" என்று கதவைத் திறந்தார். ஊரே பார்த்தது. அவருக்கு இந்த ஒரு நிமிஷம்தான் வேண்டியிருந்தது, இத்தனை நாளும். வண்டியைத் திருப்பியனுப்பினதைக் கேட்க வாயெடுத்தேன். முத்து பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை. ஏறவும் இல்லை. பொம்பளைகளோடு பின்னால் நடந்தேன். ராவுத்தர் வீட்டம்மா செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கழன்றது. முன்னாலிருந்து காற்று வீசும்போதெல்லாம் வெந்த கேழ்வரகு வாசனை வந்தது.

வைகாசி 9, திங்கள்

மேகம். மொய் வைக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். பாவாயிக்குச் சீர் கொடுத்து அனுப்பினார்கள், நான்தான் தட்டு எடுத்துக் கொடுத்தேன்.

காரை மாடு பூட்டிச் சேலம் கொண்டு போகிறாராம், போகிற வழியில் என்னை அடிவாரத்தில் இறக்கிவிடுகிறாராம். நான் ஊர் எல்லை வரைக்கும் நடந்து வந்து அங்கே வண்டி பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

"காரு இருக்கையில எதுக்கு நடக்கோணும்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.